பேர் மாறிச்சு, நம்பர் மாறல: நம்ம ஊர் பஸ்ல உங்களுக்கு நடந்ததை எழுதுங்க

வியாசர்பாடி கண்டக்டர் மகள்:

அப்பா 1981ல, சென்னை நகர பஸ்ஸை அப்போ நடத்தின பல்லவன் போக்குவரத்துக் கழகத்துல கண்டக்டரா சேர்ந்தார். 2012ல மாநகர் போக்குவரத்துக் கழகத்துல ரிட்டயர் ஆனார். நடுவுல அவர் வேலை மாறவே இல்ல. அதே டிப்போ, அதே தோல்பை, அதே விசில். மாறினது சம்பளச் சீட்டுல மேல அச்சடிச்சிருந்த பேர் மட்டும்தான். 1994 ஜனவரியில பல்லவன்ல இருந்து வடசென்னைப் பக்கத்தைப் பிரிச்சு டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம்னு ஆக்கினாங்க. 1997ல தெற்கே சாதிக் கலவரம் நடந்த நேரம், மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பேரை எல்லாம் அரசு எடுத்துடுச்சு. அப்போ பல்லவனும் போச்சு, அம்பேத்கரும் போச்சு, ரெண்டுமே மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆச்சு, ஒண்ணு ரெண்டுன்னு கோட்டம் போட்டு. 2001ல அந்த ரெண்டையும் திரும்ப ஒண்ணாச் சேர்த்தாங்க.

இந்த இருபது வருஷத்துல செங்குன்றம் போற 57 மட்டும் 57ஆவே இருந்துச்சு. அப்பா அடிக்கடி சொல்வார்: "ஜனங்க கழகத்துல ஏறல பாப்பா, நம்பர்ல ஏறுறாங்க."

அவர் கையை நான் மறக்கவே மாட்டேன். இடது கை விரல் இடுக்குல நோட்டை எல்லாம் நீளவாக்குல மடிச்சு சொருகியிருப்பார், பத்து ஒரு இடுக்கு, ஐம்பது ஒரு இடுக்கு. அதே கையில டிக்கெட் கட்டு. வலது கட்டை விரலால ஒரு தள்ளு, ஒரு கிழி. ஒவ்வொரு ஸ்டேஜ் தாண்டும்போதும் எந்தக் கட்டுல எந்த நம்பர் வரைக்கும் போச்சுன்னு வே-பில்லுல எழுதணும், ஓடுற வண்டியில, ஆள் மேல ஆள் சாயுற கூட்டத்துல. ராத்திரி டிப்போவுல பணம் கட்டும்போது கணக்கு இடிச்சா கைக்காசுதான். அப்படி இடிச்ச நாள்ல வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்ததும் உதட்டுக்குள்ளயே எண்ணிட்டிருப்பார். எங்க விட்டோம்னு தேடுறார்னு அம்மாவுக்குத் தெரியும், எதுவும் கேக்க மாட்டாங்க.

இப்போ அவருக்குக் கண் பார்வை கொஞ்சம் குறைஞ்சிருக்கு. நீங்க எழுதுறதை நான் படிச்சுக் காட்டுவேன். கண்டக்டர், டிரைவர், கூட வந்தவங்க, யாரைப் பத்தி வேணும்னாலும் நடந்ததை நடந்தபடி எழுதுங்க.

பெரம்பூர் 29சி:

முதல் ஆளா நான் எழுதுறேன். முப்பது வருஷம் 29சி. பெரம்பூர்ல ஏறி ஸ்டெல்லா மாரிஸ் காலேஜ் ஸ்டாப்பிங்ல இறங்கணும், வேலை அங்கதான்.

வெளியூர் ஆளுங்களுக்கு இது புரியாது. நம்ம ஊர்ல கண்டக்டர் பின் படிக்கட்டுக்குப் பக்கத்துல தன் சீட்டுல உக்காந்திருப்பார், காசுதான் அவர்கிட்ட நடந்து போகும். முன்னாடி நிக்கிறவன் "ஒரு ஜெமினி, பாஸ் பண்ணுங்க"ன்னு நோட்டை நீட்டினா, அது பத்துப் பன்னெண்டு கை மாறிப் போயி, டிக்கெட்டும் மீதியும் அதே வழியா திரும்பி வரும். முகம் தெரியாத ஆளுங்க கை. முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட எனக்கு மீதி குறைஞ்சதில்ல. நான் இதைப் பெருமையாவே சொல்வேன்.

ஒரு நாள் நூறு ரூபா கொடுத்தேன், சில்லறை இல்லைன்னு டிக்கெட் பின்னாடி பாக்கித் தொகையை எழுதிக் கொடுத்தார். ஏதோ யோசனையில இறங்கிட்டேன். சாயங்காலம்தான் ஞாபகம் வந்துச்சு, டிக்கெட்டும் கையில இல்ல. மறுநாள் காலை அதே வண்டி. நான் வாயைத் திறக்கல, அவரே "ஸ்டெல்லா மாரிஸ், நேத்து மீதி வாங்காம போயிட்டீங்களே"ன்னு எடுத்து நீட்டினார். அவர் பேர் எனக்குத் தெரியாது, என் பேர் அவருக்குத் தெரியாது. எனக்கு அவர் வெச்ச பேர் ஸ்டெல்லா மாரிஸ்.

திருநெல்வேலி டு திருவான்மியூர்:

அக்கா, மேல அண்ணன் சொன்ன விஷயத்துலதான் நான் மாட்டினேன். எங்க ஊர்ல கண்டக்டர் நம்மகிட்ட வருவாரு. 2009ல வேலைக்கு வந்த ரெண்டாவது நாள், தரமணி போக 5சி ஏறி சன்னல் ஓரம் உக்காந்துட்டேன். காசைக் கையில வச்சுக்கிட்டு வருவாரு வருவாருன்னு பாத்துட்டே இருந்தேன். இறங்குற இடத்துல செக்கர் நின்னாரு. எனக்கு அழுகை வராத குறை. ஏமாத்தணும்னு நெனச்சிருந்தா காசை எதுக்குக் கையில புடிச்சுட்டு வரணும்? வேர்வையில அந்த நோட்டு நனைஞ்சே போச்சு.

கண்டக்டர் சீட்டை விட்டு எந்திரிச்சு இறங்கி வந்தாரு. என் கையைப் பாத்தாரு. "ஊருக்குப் புதுசு சார், கையில காசு வெச்சிருக்கான் பாருங்க. நான்தான் ஒரு குரல் கொடுத்திருக்கணும்" அப்படின்னாரு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல, ஆனாலும் ஏத்துக்கிட்டாரு. செக்கர் என்னை விட்டுட்டாரு.

இன்னொண்ணும் அந்த வாரமே படிச்சேன். நம்பருக்குப் பக்கத்துல 'கட்'னு போட்டிருந்தா வண்டி பாதியிலேயே நின்னுரும். புதுசா வர்ற புள்ளைங்களுக்கு நான் முதல்ல சொல்லிக் கொடுக்கிறது இந்த ரெண்டும்தான்.

ராயப்பேட்டை பெரியவர்:

அம்மா, உன் அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல். பெயர் மாற்றம் பற்றி எழுதியிருந்தாய், அதற்கு முன்னாலும் ஒரு கதை உண்டு. என் தகப்பனார் டிராமில் வேலைக்குப் போனவர். 1895 முதல் ஓடிய மின்சார டிராம் 1953ல் நின்றபோது எனக்கு ஐந்து வயது. தண்டவாளத்தில் சக்கரம் திரும்பும் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. நகர பஸ்கள் ஒரு காலத்தில் தனியார் கையில் இருந்தவை. சுதந்திரத்தை ஒட்டி, 1947-48ல், அரசாங்கமே எடுத்து நடத்த ஆரம்பித்தது. கால் நூற்றாண்டு அரசுத் துறையாகவே இருந்து, கலைஞர் முதல்வராக இருந்தபோது 1972 ஜனவரி 1ஆம் தேதி பல்லவன் போக்குவரத்துக் கழகம் ஆனது. 1029 பஸ்களோடு தொடங்கியது. கொஞ்ச நாளில் பஸ் என்று சொல்வதையே ஜனங்கள் விட்டுவிட்டு "பல்லவன் வருது" என்றார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

காகிதத்தில் எடுத்த பெயர் தெருவில் போய்விடுவதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் இன்றைக்கும் 'பி.டி.சி. குவார்ட்டர்ஸ்' என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். அந்த எழுத்துகள் பல்லவன் கழகத்தின் ஆங்கிலச் சுருக்கம் என்று அங்கே ஏறுகிற சின்னப் பையன்களுக்குத் தெரியுமா? போர்டில் வள்ளலார் நகர் என்று இருக்கும், கண்டக்டர் கூவுவது மின்ட். சாலைக்குப் பிரகாசம் பெயர் வைத்து எத்தனையோ காலம் ஆகிறது, ஜனங்கள் சொல்வது பிராட்வே.

மாடி பஸ்ஸைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தொண்ணூறுகளின் கடைசியில் திரும்ப வந்தபோது தாம்பரத்திலிருந்து 18ஏ ஓடியது. பேரனைக் கூட்டிக்கொண்டு போய் மேல்தட்டு முன் சீட்டில் உட்கார வைத்தேன். மரக்கிளை கண்ணாடியில் உரசும்போதெல்லாம் குனிந்து என் மடியில் முகம் வைத்துக்கொள்வான். 2008ல் அதுவும் நின்றது.

ரிட்டயர்டு டிரைவர், அயனாவரம்:

தங்கச்சி, உங்க அப்பா கூட நான் டூட்டி பார்த்ததில்ல, ஆனா அவர் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். எங்களுக்குள்ள பேச்சு விசில்தான். ஒண்ணு அடிச்சா நிறுத்து, ரெண்டு அடிச்சா போ. கூட இருந்த கண்டக்டர் ரெண்டாவது விசிலை எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறார்ங்கறத வெச்சே பின்னாடி எவ்வளவு கூட்டம், ஆள் கோவமா இருக்காரா இல்லையான்னு சொல்லிடுவேன்.

24 வருஷம் ஓட்டினேன். என் இடது முட்டி போயிடுச்சு. மவுண்ட் ரோட்டுல பீக் அவர்ல ஒரு சிங்கிள், அதாவது ஒரு வழி ட்ரிப், அடிச்சா எத்தனை நூறு தடவை கிளட்ச் மிதிக்கணும் தெரியுமா? பக்கத்துல என்ஜின் பானெட். மே மாசம் அந்தச் சூடு தொடையைப் பொசுக்கும். அந்த பானெட் மேலயும் துணியை மடிச்சுப் போட்டு ரெண்டு வயசான அம்மா உக்காந்துட்டு வருவாங்க. எந்திரிங்கன்னு சொல்ல மனசு வராது, நிக்க இடம் இருந்தாத்தானே.

போன வருஷம், 2025 ஜூன் 30, வியாசர்பாடி டிப்போவுலதான் மின்சார பஸ் முதல்ல விட்டாங்க, 120 வண்டி. மறுவாரமே போய் ஏறி டிரைவர் பின்னாடி நின்னேன். கிளட்ச் இல்ல, கியர் இல்ல. தாழ்தளம், படி ஏறவே வேணாம். சத்தமே இல்லாம நகருது. அந்தத் தம்பியோட இடது காலையே பார்த்துட்டு வந்தேன், தேமேன்னு தரையில இருந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா ஒரு விஷயம் மனசுல உறுத்துது, அதையும் சொல்லிடறேன். வண்டி, டிரைவர், பராமரிப்பு எல்லாம் தனியார் கம்பெனி. கண்டக்டர் மட்டும் கழகத்து ஆள். ஓடுற கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கம்பெனிக்குப் பணம், டிக்கெட் காசு கழகத்துக்கு. நானும் கண்டக்டரும் ஒரே கேன்டீன்ல சாப்பிட்டோம், ஒரே பேட்டா, ஒரே சங்கம். ஓடி வர்ற ஆளை நான் கண்ணாடியில பார்த்து ஸ்லோ பண்ணுவேன், அவர் விசிலை நிறுத்தி வைப்பார். இப்ப ஒரே வண்டியில ரெண்டு முதலாளிக்கு ரெண்டு பேர் வேலை பாக்கிறாங்க. வண்டி நல்ல வண்டி, நான் மனசாரச் சொல்றேன். அந்தத் தம்பிக்கும் எங்களுக்கு இருந்த மாதிரி நிரந்தர வேலையும் பென்ஷனும் கிடைக்கணும், கேக்கிறது அவ்வளவுதான்.

கோயம்பேடு பூக்காரம்மா மகன்:

அண்ணே, எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கோயம்பேடு மார்க்கெட்ல பூ எடுத்துட்டு வந்து பெரம்பூர்ல கட்டி விக்கிறாங்க. நம்பரையே உருவமாத்தான் ஞாபகம் வெச்சிருப்பாங்க. 2021 மே மாசம் சாதாரண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லைன்னு வந்தப்போ சந்தோஷம்தான், ஆனா எது சாதாரண பஸ், எது எக்ஸ்பிரஸ்னு அம்மாவுக்குத் தெரியாது. வெள்ளை போர்டான்னு, அதாவது சாதாரண பஸ்ஸான்னு, பக்கத்துல நிக்கிறவங்களைக் கேப்பாங்க. யாரும் இல்லைன்னா வந்த வண்டியை விட்டுடுவாங்க. ஏறினப்புறம் இது காசு வண்டின்னு சொல்லிட்டா அவமானமாப் போகும்னு பயம்.

2022ல முன்னாடியும் பின்னாடியும் பிங்க் அடிச்சாங்க இல்ல, அதை நிறைய பேர் கேலி பேசினாங்க. எங்கம்மாவுக்கு அது எழுத்து. தூரத்துல ரோஸ் தெரிஞ்சாலே கூடையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்குவாங்க. முன்னெல்லாம் ஒரு ஸ்டேஜ் காசு மிச்சம் பிடிக்க ரெண்டு ஸ்டாப்பிங் நடப்பாங்க, அந்த நடை இப்ப இல்ல. கண்டக்டர் கொடுக்கிற அந்த ஜீரோ டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போட மாட்டாங்க. சாமி படத்துக்குக் கீழ ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருக்காங்க.

கீழ்ப்பாக்கம் நர்ஸ்:

2015 டிசம்பர் வெள்ளம். போன் இல்ல, கரண்ட் இல்ல, ஏ.டி.எம்.ல பணமும் இல்ல. 5ஆம் தேதியிலிருந்து நாலு நாள் நகர பஸ்ல யாருக்கும் டிக்கெட் இல்லைன்னு அரசு அறிவிச்சிருந்தது எனக்குத் தெரியாது. இருந்த கடைசி இருபது ரூபாயை நீட்டினேன். கண்டக்டர் என் விரலை மடக்கிவிட்டு, "பிள்ளைங்களுக்குப் பால் வாங்கும்மா"ன்னார். அவரோட பேன்ட் முட்டி வரைக்கும் சேறு. "உங்க வீடு எங்கண்ணா?"ன்னு கேட்டேன். "முடிச்சூர். தண்ணிக்குள்ள இருக்கு. பொண்டாட்டி பிள்ளைங்க மொட்டை மாடியில பத்திரமா இருக்காங்க"ன்னு சொல்லிட்டு ரெண்டு விசில் அடிச்சார்.

2020 ஊரடங்குல ஊரே பஸ் இல்லாம இருந்தப்பவும் எங்களை மாதிரி ஆஸ்பத்திரி ஆளுங்களைக் கூட்டிட்டுப் போக வண்டி வந்துச்சு. பெரிய பஸ்ல ஆறு பேர். செப்டம்பர் 1 அன்னிக்குத்தான் எல்லாருக்கும் திரும்ப ஓட ஆரம்பிச்சுது. அன்னிக்குக் காலையில தெருவுல அந்த ஹாரன் கேட்டதும் எங்க மாமியார் வாசலுக்கே வந்து நின்னாங்க.

பார்வையில்லாதவன், அண்ணா நகர்:

நான் திரை வாசிப்பான் வெச்சுத்தான் இதையெல்லாம் கேட்டேன். எனக்கு பஸ் என்றால் குரல்கள். நிறுத்தத்தில் நின்று "என்ன நம்பர் வருது?" என்று காற்றைப் பார்த்துக் கேட்பேன், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். 27டி என்று ஒரு குரல், "வா சார், நானும் அதுலதான்" என்று முழங்கையைத் தொடும் ஒரு கை. இப்போது பல வண்டிகளில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கி சொல்கிறது. இருபது வருடமாகத் திருப்பங்களை எண்ணி எண்ணி இறங்கியவன் நான். முதல் தடவை அந்த அறிவிப்பைக் கேட்டபோது எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். பஸ்ஸில் சும்மா உட்காருவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வியாசர்பாடி கண்டக்டர் மகள்:

எல்லாத்தையும் படிச்சுக் காட்டிட்டேன். ராத்திரி மணி பதினொண்ணு ஆயிடுச்சு, அப்பா தூங்கப் போகல. ஸ்டெல்லா மாரிஸ் அண்ணனுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னார்: மீதிக் காசை ராத்திரி கணக்குல சேர்த்துக் கட்டிட்டா அது ஆடிட்ல அதிகமாக் காட்டும், அதனால அந்த கண்டக்டர் அதைத் தனியா முடிஞ்சு பாக்கெட்ல வெச்சிருந்திருப்பாராம். அவரும் அப்படித்தான் வெப்பாராம்.

டிரைவர் அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னார். அந்தப் புது வண்டியில கண்டக்டர் சீட் எங்க இருக்கு? பின்னாடியேவா, நடுவுலயா? பதில் போடுறதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துட்டா நாங்களே டிப்போ வாசலுக்குப் போயி ஏறிப் பார்த்துடுவோம். இப்பவே சட்டைப் பையில சில்லறையா எடுத்து வெச்சிருக்கார்.