லயத்து வாழ்க்கையை எழுதலாமா, அம்மா வேண்டாம் என்கிறார்

கேள்வி: மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுக்கும் வரிசை வீட்டில், வளர்ந்தவள் நான், ஒற்றை அறையும் அடுப்படியுமாக ஆறு பேர். அதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் கடன் சொல்லி அரிசி வாங்கியது, அக்கா எட்டாவதோடு நின்றது, அப்புறம் கொழுந்து கிள்ளப் போனது, இதெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டுமா என்கிறார் அம்மா. எதை விடுவது?

பதில்: அக்காவிடம் கேளுங்கள். அது அவருடைய கதையும்தான், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பதில்: நானும் தேயிலை ஊர்தான், வண்டிப்பெரியார்க்காரன். கஷ்டம் என்று மட்டும் எழுதாமல் கூலிக் கணக்கையும் எழுதுங்கள். 2015 செப்டம்பரில் மூணாறு பெண்கள் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று திரண்டு சாலையில் உட்கார்ந்தபோது தினக்கூலி 232 ரூபாய், போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்திருந்தார்கள். வேலை போனால் லயமும் போகும், அந்தப் பயத்தில்தான் எங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையை எஸ்டேட் வேலைக்கு அனுப்பினார்கள். இதைச் சொல்லாமல் அக்கா படிப்பு நின்றதை மட்டும் சொன்னால் வாசிப்பவர்கள் உங்கள் அப்பா அம்மாவைத்தான் குறை சொல்வார்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, அக்காவிடம் பேசிவிட்டேன். தாராளமாக எழுது என்றார், வேலையை மேற்பார்க்கும் கங்காணி திட்டியதையும் சேர்க்கச் சொல்கிறார்.