1997 ராவ் 4: வெளுத்துப்போன பம்பரை வீட்டிலேயே பழைய நிறத்துக்குக் கொண்டுவர முடியுமா?

பழையஜீப்_தலவாக்கலை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1997ஆம் ஆண்டு டொயோட்டா ராவ் 4 ஒன்று இருக்கிறது. அப்பா தோட்டத்தில் கிளாக்கராக வேலை செய்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமலாப நிதியில் வாங்கியது. நானும் தங்கையும் அதில்தான் பாடசாலைக்குப் போனோம். இப்போது நான் படிப்பிக்கும் பாடசாலைக்கும் அதில்தான் போகிறேன். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, நானுஓயா ஏற்றத்தில்கூடத் தயங்காமல் ஏறும்.

மனத்தை உறுத்துவது வெளியில் இருக்கும் பிளாஸ்டிக் பாகங்கள். பம்பர் இரண்டும், சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகளும், கதவுக்குக் கீழே ஓடும் பட்டையும் சாம்பல் பூத்த அடுப்புக்கல் போல ஆகிவிட்டன. விரலால் தேய்த்தால் வெண்கட்டித் தூள் போல ஒட்டுகிறது. வண்டி நிற்கும் தகரக் கொட்டகையில் வலது பக்கம் முழுக்க வெயில் விழும், அந்தப் பக்கம்தான் மோசம். இடது பக்கம் அவ்வளவு வெளுக்கவில்லை, ஆனால் கண்ணாடி ரப்பர் ஓரமெல்லாம் பச்சைப் பாசி.

முதலில் தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒரு நாள் பளபளப்பு, மறுநாள் வீதித் தூசி முழுவதும் அதில் அப்பிக்கொண்டது. பிறகு ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் காசு கொடுத்து ஏதோ பூசினேன். மூன்று மழைக்குள் அது கரைந்து கதவில் வெள்ளைக் கோடுகளாக வழிந்தது. அவர்களிடம் கேட்டபோது, பழைய வண்டிக்கு இவ்வளவுதான் என்றார்கள். அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை. பழையது என்பதற்காக அழுக்காக வைத்திருக்க வேண்டுமா?

கழிவு எஞ்சின் எண்ணெய் பூசச் சொல்கிறார்கள் சிலர். சூடான காற்று அடிக்கும் கருவியால் வாட்டலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். பேசாமல் கறுப்புப் பெயின்ட் அடித்துவிடு என்கிறாள் தங்கை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மார்ச் நடுவில் பின்னேர மழை தொடங்குமுன் முடிக்க வேண்டும்.

ஊவாக்காற்று

டீச்சர், எதையும் வாங்குவதற்கு முன் முன்பக்க இலக்கத் தகட்டைக் கழற்றி அதன் பின்னால் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தில்தான் வண்டியின் உண்மையான நிறம் இருக்கும். அந்தக் கால ராவ் 4 பலவற்றில் இந்தப் பாகங்கள் கறுப்பே அல்ல, கடும் சாம்பல். அப்படியிருந்தால் கறுப்புச் சாயம் பூசும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

விரலில் ஒட்டும் தூள் அழுக்கு மட்டுமல்ல. பிளாஸ்டிக் பொலிபுரொப்பிலீன் வகை, வெயிலின் புறஊதாக் கதிர் அதன் மேல்தோலை உடைத்துவிடுகிறது. ஆயிரம் மீற்றர் மேலே ஏறினால் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். உங்கள் பக்கத்து நுவரெலியா 1868 மீற்றர் உயரம். குளிரில் நமக்கு வெயில் உறைப்பதில்லை, வானம் வெளித்த நாளில் பிளாஸ்டிக்குக்கு நன்றாகவே உறைக்கும்.

என்னுடையது 1998 ஹொண்டா சிஆர்வி, நிறுத்துவது பண்டாரவளையில். நான் செய்த வேலையில் முக்கால்வாசி கழுவியதுதான். ஒரு வாளி வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, உடுப்புத் தேய்க்கும் நைலோன் பிரஷால் ஓர் அடி நீளத்தைத் தேய்த்து, உடனே கழுவி, அடுத்த அடிக்குப் போக வேண்டும். முதலில் நுரை சாம்பலாக வரும். வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். எனக்கு மூன்று முறை ஆனது. தேங்காய் எண்ணெய் பூசியிருப்பதால் உங்களுக்குக் கூடலாம். தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் மிச்சமிருக்கிறது, படலமாகப் பரவினால் சரி. சொரசொரப்பில் வெள்ளை வெள்ளையாக வெக்ஸ் சிக்கியிருந்தால் பிள்ளைகளின் அழிறப்பரால் தேயுங்கள், உருண்டு வந்துவிடும்.

பாசிக்கு வினாகிரியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பழைய பல் பிரஷால் தேய்த்தால் போதும். கத்தியால் சுரண்டினால் ரப்பர் கிழிந்துவிடும். பெற்றோலும் தின்னரும் ரப்பர் பக்கமே போகக் கூடாது.

ஒரு இரவு முழுவதும் காயவிடுங்கள், இடுக்குகளில் தண்ணீர் நிற்கும். மறுநாள் பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, பெயின்ட் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் செரமிக் பூச்சைச் சில துளிகள் பஞ்சில் விட்டு மெல்லியதாகப் பூசுங்கள். மிகுதியைத் துடைக்காவிட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். எனக்கு 30 மில்லிலீற்றர் போத்தல் முழு வண்டிக்கும் போதுமாக இருந்தது. ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. ஒன்றரை வருடமாகிவிட்டது. முன் பம்பரின் மேல் விளிம்பு மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது.

கழிவு எண்ணெய் வேண்டவே வேண்டாம். மழையில் அது கானுக்குள் போகும், உங்கள் ஊர்க் கானெல்லாம் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் சேரும்.

பெயின்ட்பாஸ்_ஹட்டன்

பெயின்ட் அடிப்பது என் தொழில். அப்படியிருந்தும் உங்கள் வண்டிக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன், டீச்சர். பாகத்தின் உட்பக்கத்தில் பிபி என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கிறதா பாருங்கள். அதுதான் பொலிபுரொப்பிலீன், அதில் பெயின்ட் இலேசில் ஒட்டாது. பிடிப்புக்கான பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடிக்காவிட்டால் ஒரே வருடத்தில் தோல் உரிவது போல உரியும். உரிந்த பிறகு என்னிடம் கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம். அதைச் சுரண்டி எடுப்பது அடிப்பதைவிட நான்கு மடங்கு வேலை. பனிமூட்டத்தில் அடித்தால் மேல்பூச்சு பால் படிந்தது போல வெளுக்கவும் செய்யும்.

வெடித்த பாகம் இருந்தால் மட்டும் அதை மாற்றுங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் தொடங்கும்வரை எல்லோரும் பழைய வண்டிகளைப் பிடித்து வைத்துக்கொண்டதால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் நல்ல பாகம் உடனே அகப்படாது. பொறுத்துத் தேட வேண்டும்.

மஸ்கெலியா_சாரதி

சூடான காற்றை நான் முயன்றேன். கறுப்பு திரும்ப வந்தது உண்மை, பார்க்க அதிசயமாக இருந்தது. ஆனால் பொலிபுரொப்பிலீன் 160 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும், அந்தக் கருவியோ 500 பாகைக்கு மேல் போகும். ஒரு இடத்தில் இரண்டு வினாடி கூடுதலாக நின்றுவிட்டேன். அங்கே சொரசொரப்பு அழிந்து வழுவழுவென்று ஒரு வடு. கறுப்பும் எட்டு மாதத்தில் மறைந்துவிட்டது, வடு மட்டும் இன்றும் இருக்கிறது. அப்பா வாங்கித் தந்த வண்டியில் அந்தச் சோதனை வேண்டாம் அக்கா.

பழையஜீப்_தலவாக்கலை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். தவணைப் பரீட்சை வந்துவிட்டது.

இலக்கத் தகட்டைக் கழற்றியதும் அப்பாவைக் கூப்பிட்டேன். பின்னால் மழைமேகம் போல அழகான கடும் சாம்பல். அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த நிறத்துக்காகத்தானே அன்றைக்கு இதை எடுத்தேன்" என்றார். அதற்குப் பிறகு கறுப்புச் சாயம் என்ற பேச்சே வீட்டில் இல்லை. நிறமில்லாத பூச்சுதான் வாங்கினேன்.

எண்ணெய் போக ஐந்து முறை கழுவினேன். ஊவாக்காற்று அண்ணா சொன்ன அந்தத் தண்ணீர்ப் பரிசோதனை இல்லாவிட்டால் இரண்டாவது முறையோடு நிறுத்தியிருப்பேன். தங்கை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாசி எல்லாம் போய்விட்டது. பூச்சு பட்டதும் நிறம் ஆழமாகத் திரும்பியதைப் பார்த்தபோது சொல்ல முடியாத சந்தோஷம். இலக்கத் தகட்டின் பின்னால் இருந்த நிறம் அப்படியே வரவில்லை, ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஒரு பிழை விட்டுவிட்டேன். வலது பின் வளைவை மட்டும் மாலை நான்கு மணிக்குப் பூசினேன். பனிமூட்டம் இறங்கித் தூறலும் விழுந்துவிட்டது. இப்போது அதில் புள்ளி புள்ளியாக இருக்கிறது. மேலேயே இன்னொரு பூச்சுப் போடலாமா?

ஊவாக்காற்று

மேலே போட வேண்டாம், புள்ளிகள் அடியில் அப்படியே நிற்கும். அற்ககோல் தொட்ட துணியால் அழுத்தித் துடையுங்கள். போகாவிட்டால் கறை அழிக்க விற்கும் வெள்ளை மெலமைன் பஞ்சை நனைத்து மெதுவாகத் தேய்த்து, கழுவி, காயவைத்து அந்த வளைவை மட்டும் திரும்பப் பூசுங்கள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்குங்கள் டீச்சர், பனி விலகி வெயில் ஏறுமுன் முடிந்துவிடும்.