புதிதாகத் தலைமையாசிரியர் ஆனவர்களுக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்கள்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

பதிவிட்டவர்: உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், சிவகங்கை மாவட்டம்

கணக்கு பட்டதாரி ஆசிரியராக இருந்து பதவி உயர்வில் தலைமையாசிரியர் ஆனவன் நான். நம் அரசுப் பள்ளிகளில் பணிமூப்புப் பட்டியல்தான் ஒருவரைத் தலைமையாசிரியர் ஆக்குகிறது. துறைத் தேர்வு முடித்திருக்க வேண்டும், கலந்தாய்வில் இடம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வரை பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்தியவர், திங்கள்கிழமை இருபது ஆசிரியர்களுக்கும் ஐந்நூறு பிள்ளைகளுக்கும் பொறுப்பு.

பயிற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். விடுப்பு விதிகள், சம்பளப் பட்டியல், சம்பளம், விடுப்புக்கான களஞ்சியம் செயலி, மாணவர் விவரங்களை எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றுவது, ஓய்வூதியக் கருத்துரு எல்லாம் சொல்லித் தந்தார்கள். அதெல்லாம் தெரியாமல் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. ஆனால் சக ஆசிரியரின் வகுப்பில் போய் உட்காருவது எப்படி, உட்கார்ந்த பிறகு அவரிடம் என்ன பேசுவது என்பதை எந்தப் பயிற்சியிலும் யாரும் எனக்குக் காட்டவில்லை. டெல்லியில் தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனத்தில் பள்ளித் தலைமைத்துவத்துக்கென்றே 2012இல் ஒரு தேசிய மையம் தொடங்கினார்கள். கற்றல் கற்பித்தலை மாற்றுவது, குழுவை உருவாக்குவது என்று அவர்களுடைய பாடத்திட்டம் சரியான இடத்தைத்தான் தொடுகிறது. அது மாவட்டத்துக்கு வந்து சேரும்போது பவர்பாயிண்டாகச் சுருங்கிவிடுகிறது. அங்கேதான் எனக்கு ஆதங்கம்.

எனக்கு உண்மையில் கற்றுத்தந்தவர் பக்கத்து ஊர்த் தலைமையாசிரியை. ஓய்வுக்கு நெருக்கத்தில் இருந்தார். "சார், ஒரு நாள் என் ஸ்கூலுக்கு வாங்க, சும்மா கூட இருங்க" என்றார். போனேன். காலை வழிபாடு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் வகுப்புக்குள் போய்க் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டார். கையில் பதிவேடு இல்லை. பக்கத்தில் இருந்த பையனின் நோட்டை வாங்கிப் பார்த்தார், அடுத்து முன் வரிசையில் ஒரு பெண்ணின் நோட்டு. முதலாமவன் படத்தை அழகாக வரைந்திருந்தான், பாகங்களைக் குறிக்கவில்லை. அந்தப் பெண் குறித்திருந்தாள், ஆனால் இரண்டு பெயர்கள் இடம் மாறியிருந்தன. பாடவேளை முடியும் வரை அம்மா வாயே திறக்கவில்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆசிரியரிடம், "படம் வரையறப்போ பசங்க எந்த இடத்துல உங்கள விட்டுட்டாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். ஆசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரும்பலகைல நான் பெயர் எழுதினப்போ பாதிப் பேரு இன்னும் வரைஞ்சிட்டு இருந்தாங்கம்மா" என்றார். குறையை அவரே கண்டுபிடித்துவிட்டார். அம்மா வேறு எதுவும் சொல்லவில்லை. மறு வாரம் அதே வகுப்புக்கு மறுபடி போவேன் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

அதற்குப் பிறகு என் பள்ளியில் நானும் இதைத்தான் செய்கிறேன். அலுவலகப் பதிவேட்டில் எழுதினால் அது நாளைக்கு 17பி, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு வரை போகும் என்ற பயம் ஆசிரியர்களுக்கு உண்டு. அந்தப் பயம் இருக்கும்வரை எந்த ஆசிரியரும் மனம் விட்டுப் பேச மாட்டார். அதனால் பார்த்ததைத் தனியாக ஒரு சின்ன நோட்டில் குறித்து, அதை அந்த ஆசிரியரிடமே கொடுத்துவிடுகிறேன்.

புதிய தலைமையாசிரியர் ஒவ்வொருவரையும் முதல் வருடம் ஒரு மூத்த தலைமையாசிரியரோடு இணைத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. மாதம் ஒரு நாள் இவர் அங்கே போகட்டும், அவர் இங்கே வரட்டும். போக்குவரத்துப் படி தவிர இதற்குப் பெரிய செலவும் இல்லை. உங்களுக்கு யார் கற்றுத்தந்தார்கள்? எழுதுங்கள்.

தலைமையாசிரியை, தருமபுரி மாவட்டம்

சார் வகுப்பறையைச் சொன்னார், நான் பெற்றோர் பக்கத்தைச் சொல்கிறேன். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுகட்டமைப்பு செய்தபோது 20 பேர் குழு, பெற்றோர்தான் தலைவர் என்று வந்தது. எங்கள் பள்ளியில் தலைவியானவர் நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அம்மா. முதல் சில கூட்டங்களில் எல்லாரும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எங்கள் வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் சொன்ன யோசனை இது: "கூட்டத்த ஆபீஸ் ரூம்ல ஆரம்பிக்காதீங்க மேடம், பள்ளிய ஒரு சுத்து சுத்தி வந்துட்டு உக்காருங்க." நேரத்தை வேலை முடிகிற பொழுதுக்கு மாற்றினேன். பெண்கள் கழிப்பறைக்குத் தலைவியும் மற்ற அம்மாக்களும் தாங்களே போய்ப் பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை. வெளியே வந்ததும் தலைவி என்னைக் கேட்டார், "வயசுக்கு வந்த புள்ளைங்க எங்கம்மா போகும்?" அன்றைக்குத் தீர்மானத்தின் வாசகத்தை அவர்தான் சொன்னார், நான் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு ஊராட்சி மன்றத் தலைவரிடம் அவர்களே போனார்கள். மோட்டார் சரியாகிவிட்டது. நான் மனு எழுதி அலைந்திருந்தால் எத்தனை மாதம் ஆகியிருக்குமோ.

பதவி உயர்வு வந்தவுடன் எல்லாவற்றையும் நாமே தூக்கிச் சுமக்கப் பழகிவிடுகிறோம். பிறரிடம் கொடுக்கப் பழக்குவதும் பயிற்சிதான். அதை அந்தப் பயிற்றுநர் ஒரே வரியில் எனக்குச் செய்துவிட்டுப் போனார்.

அதிபர், யாழ்ப்பாணம்

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் தலைமையாசிரியர் என்பவரை நாங்கள் அதிபர் என்போம். எங்களுக்கு அதிபர் சேவை தனியான ஒரு சேவை, போட்டிப் பரீட்சை எழுதி வர வேண்டும். மீப்பேயில் கல்வித் தலைமைத்துவ அபிவிருத்தி நிலையமும் இருக்கிறது. இருந்தும் நிரந்தர நியமனம் இல்லாமல், கடமை நிறைவேற்று அதிபர்களாகப் பலர் வருடக்கணக்கில் பாடசாலையைக் கொண்டு நடத்துகிறார்கள். ஆகவே உங்கள் ஆதங்கம் எனக்கு விளங்குகிறது.

நான் கற்ற விடயம் ஒன்று. தரம் பதினொன்றில் எழுதும் சாதாரண தரப் பொதுப் பரீட்சையின் பெறுபேறு வந்தவுடன் கணித ஆசிரியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பதுதான் வழமையாக இருந்தது. எங்கள் முன்னைய அதிபர் பகுதித் தலைவர்களைக் கூட்டி, அந்தப் பிள்ளைகளின் தரம் ஆறு தொடக்கமான தவணைப் புள்ளிகளை மேசையில் வைத்தார். நான் அப்போது பிரதி அதிபர். பார்த்தால், தரம் எட்டில்தான் விழுந்திருக்கிறார்கள். அந்த வருடம் இடமாற்றத்தால் கணிதத்துக்கு நீண்ட காலம் ஆசிரியர் இல்லை. தரம் பதினொன்று ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அன்று பின்னேரமே நேரசூசியை மாற்றி, தரம் ஒன்பதுக்கு மேலதிக பாடவேளை போட்டார். பிரதி அதிபர்களை இப்படியான கூட்டத்தில் இருத்தி வைப்பதே அடுத்த அதிபரை உருவாக்குகிற வேலை என்பேன்.

பட்டதாரி ஆசிரியர், பொறுப்பு தலைமையாசிரியர்

எல்லாம் சரி. எங்களைப் போலப் பொறுப்பில் இருப்பவர்களை எந்தப் பயிற்சிக்கும் கூப்பிடுவதில்லை. பணியிடம் காலி, நிரப்பும் வரை நீங்கள் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். என் வகுப்புகளும் அப்படியே இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் போய் உட்கார எனக்கு நேரம் எங்கே?

பதிவிட்டவர்

தம்பி, நீங்கள் கேட்பது நியாயம். பொறுப்பில் இருப்பவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும், ஏனென்றால் பதவி இல்லாமல் வேலையை மட்டும் சுமக்கிறீர்கள். யாழ்ப்பாணத்து ஐயா சொன்னதுபோல அடுத்து வரப்போகிறவர்களும் நீங்கள்தான். எல்லா வகுப்புக்கும் போக வேண்டாம். வாரத்துக்கு ஒரு பாடவேளை, ஒரே ஒரு வகுப்பு போதும். நேரம் கிடைக்காததற்குப் பாதிக் காரணம் கால அட்டவணையில்தான் இருக்கும். எங்கள் பக்கம் நாலைந்து தலைமையாசிரியர்கள் சனிக்கிழமைகளில் சந்திக்கிறோம், தனிச்செய்தியில் இடம் அனுப்புகிறேன். வரும்போது உங்கள் பள்ளிக் கால அட்டவணையை எடுத்து வாருங்கள். எந்த வேலையை யாரிடம் கொடுக்கலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.