ஒப்படைப்புத் தவணை: ஒரு கலைச்சொல்லை முன்வைத்து

(1)

அன்புடையீர், வணக்கம்.

அரசியலியல் சொற்தொகுதியின் வரைவில், படையெடுப்பால் ஓர் ஆட்சி வீழ்த்தப்பட்ட பின் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு அமையும் வரை கழியும் காலத்துக்கு 'மக்களாட்சிப் பொறுமை' என்ற சொல்லை மூத்த உறுப்பினர் ஐயா பரிந்துரைத்திருக்கிறார். அவர் தந்த விளக்கம்:

> தேர்தலை அவசரப்பட்டு நடத்தினால் ஆயுதக் குழுக்களே வெல்லும். சட்டமும் நிறுவனங்களும் வேரூன்றும் வரை காத்திருப்பதே நன்று. அந்தக் காத்திருப்பைச் சுட்ட ஒரு சொல் வேண்டும்.

சொல் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் காத்திருப்பவர் யார், காக்க வைப்பவர் யார் என்பதை இந்த விளக்கம் எங்கும் சொல்லவில்லை. 'பொறுமை' அந்தக் குறையை மறைத்தும் விடுகிறது. நம் அறநூல்களில் பொறை என்பது தீங்குக்கு ஆளானவர் காட்டும் பண்பு. வினைசெய்பவர் தக்க தருணம் வரும் வரை ஒதுங்கி நிற்பதைக் காலமறிதல் என்று வேறொரு தலைப்பின் கீழ் வைத்தார்கள். படைகொண்டு ஒரு நாட்டைப் பிடித்த அரசு அங்கே தேர்தலைத் தள்ளிவைத்தால், அதற்கு மிகவும் தாராளமாகத் தரக்கூடிய பெயர் காலமறிதல்தான். அதையும் பொறுமை என்று எழுதினால், குடிமக்களிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று பிடித்தவரின் நற்பண்பாகப் பதிவாகிவிடும்.

ஈராக்கை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். 2003 மார்ச்சில் அமெரிக்கா தலைமையில் படையெடுப்பு தொடங்கியது. ஏப்ரல் 9 அன்று பாக்தாத் வீழ்ந்தது. மே மாதம் அமெரிக்கா நியமித்த பால் பிரெமர் பொறுப்பேற்ற கூட்டணி இடைக்கால நிர்வாகம், முதலில் அரசியலமைப்பு, அதன்பிறகே பொதுத் தேர்தல் என்ற வரிசையைப் பற்றிக்கொண்டது. அரசியலமைப்பை எழுதுவோர் எப்படி வருவார்கள் என்ற கேள்விக்கு, நியமனம் என்பதே அதன் விடையாக இருந்தது. ஜூன் இறுதியில் ஷியாக்களின் புனித நகரான நஜாஃபிலிருந்து ஆயத்துல்லா அலி அல்-சிஸ்தானியின் ஃபத்வா (சமயத் தீர்ப்பு) வந்தது: அரசியலமைப்பு அவையை நியமிக்கும் உரிமை ஆக்கிரமிப்பு அதிகாரிகளுக்கு இல்லை, வாக்குரிமை உள்ள ஈராக்கியர் ஒவ்வொருவரும் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எழுதி முடித்ததை மக்கள் வாக்கெடுப்புக்கு விட வேண்டும். மக்களாட்சியைக் கொண்டுவருவதாகச் சொல்லி வந்த வல்லரசுக்கு, கட்சி எதுவும் நடத்தாத ஒரு முதிய சமய அறிஞர் தேர்தலின் தேவையை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பதைச் சொல்லாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை.

நிர்வாகம் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. வாக்காளர் பட்டியல் இல்லை. தேர்தல் சட்டம் இல்லை. குர்துப் பகுதியும் அடங்க நாடு முழுவதும் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கு எடுத்தது 1987இல். ஆனால், பொருளாதாரத் தடைக் காலத்தில் உணவு வழங்குவதற்காகக் குடும்பம் குடும்பமாகப் பதிந்துவைத்த ரேஷன் அட்டைத் தரவு இருந்தது. தேர்தல் கேட்டவர்கள் அதைச் சுட்டிக்காட்டியபோது, அது போதாது என்று தள்ளப்பட்டது. கடைசியில் 2005 ஜனவரித் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் அதே ரேஷன் பதிவிலிருந்துதான் உருவாயிற்று. நஜாஃப் நகரத்தில் மேயர் தேர்தல் நடத்த அமெரிக்கப் படையினரே 2003 ஜூனில் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். பிரெமர் அதை நிறுத்திவைத்தார். முடியாமல் தள்ளிப்போடுவது ஒன்று, முடிவு எப்படி வருமோ என்று தள்ளிப்போடுவது மற்றொன்று. 'பொறுமை' இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. காத்திருக்கச் சொன்னவர்கள் தாங்கள் எதற்கும் காத்திருக்கவில்லை. மே 16 அன்று வந்த முதல் ஆணை, சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல் நான்கு படிநிலை உறுப்பினர்களை அரசுப் பணியிலிருந்து விலக்கியது. அதில் வேலையிழந்தவர்களுள் ஆயிரக்கணக்கான பள்ளி ஆசிரியர்களும் உண்டு. ஒரு வாரம் கழித்து வந்த இரண்டாம் ஆணை இராணுவத்தையே கலைத்து, ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோரைத் தெருவில் விட்டது. செப்டம்பரில் வந்த 39ஆம் ஆணை, இயற்கை வளம், வங்கி, காப்பீடு நீங்கலாக ஈராக்கிய நிறுவனங்களை அந்நியர் முழு உரிமையுடன் வைத்துக்கொள்ள வழி திறந்தது. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், 43ஆம் பிரிவில், ஆக்கிரமித்தவர் முற்றிலும் தடைப்பட்டாலொழிய அந்நாட்டில் நடப்பிலுள்ள சட்டங்களை மதித்தாக வேண்டும் என்கின்றன. ஒரு வாக்குக்கூடப் பதிவாகாத காலத்தில் படையையும் பணியாளர் அமைப்பையும் முதலீட்டுச் சட்டத்தையும் மாற்ற அவ்வளவு விரைவும், வாக்குச்சீட்டுக்கு மட்டும் அவ்வளவு நிதானமும் இருந்ததென்றால், அந்த நிதானத்துக்குப் பொறுமை என்று பெயரிடச் சொற்தொகுதிக்கு உரிமை இல்லை என்றே கருதுகிறேன்.

அதற்காகக் காத்திருப்பே தவறு என்று சொல்ல வரவில்லை. 2003 நவம்பர் 15 உடன்பாடு, மாகாண அளவில் கூட்டப்படும் தேர்வுக் குழுக்கள் வழியாக இடைக்கால அவையை அமைக்க முனைந்தது. 2004 ஜனவரியில் பஸ்ராவிலும் பாக்தாதிலும் பெருந்திரளானோர் நேரடித் தேர்தல் கேட்டு ஊர்வலம் போனார்கள். அதன் விளைவாகப் பிப்ரவரியில் ஐ.நா. தூதர் லக்தார் பிராஹிமி வந்து ஆராய்ந்து, அதிகாரத்தை ஒப்படைக்கக் குறித்திருந்த ஜூன் 30க்குள் நம்பத்தக்க தேர்தல் நடத்த இயலாது என்று சொன்னார். பிரெமர் சொன்னபோது ஏற்காத அதே தாமதத்தைச் சிஸ்தானி இப்போது ஏற்றார். ஆனால் தேர்தல் நாளுக்குப் பாதுகாப்பு அவை உறுதி தர வேண்டும் என்று கேட்டார். ஜூனில் நிறைவேறிய 1546ஆம் தீர்மானம், எப்படியும் 2005 ஜனவரி 31க்குள் தேர்தல் என்று எழுதியது. தேர்தல் ஜனவரி 30 அன்று நடந்தது. இங்கே காத்திருந்தவர்கள் தாங்களே நிபந்தனை விதித்துக் காத்திருந்தார்கள்.

இத்தகைய காத்திருப்புக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: தவணை. தவணை என்றால் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், முடியும் நாள் ஒன்று உண்டு. கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டதை எவரும் தவணை என்பதில்லை. ஆகவே 'ஒப்படைப்புத் தவணை' என்ற சொல்லைக் குழுவின் முன் வைக்கிறேன். 'கைமாற்றத் தவணை' என்றும் எண்ணிப் பார்த்தேன். கைமாற்று வட்டியில்லாக் கடனை நினைவூட்டிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

வணக்கத்துடன்.

(2)

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் மடலை வரிவரியாகப் படித்தேன். நான் பரிந்துரைத்த 'பொறுமை' குறித்த மறுப்பை ஏற்கிறேன். 'தவணை' குறித்து இரண்டு ஐயங்கள் உள்ளன.

முதலாவது, வெற்றிபெற்ற எடுத்துக்காட்டுகளில் தவணை கொடுத்தவர் எவரும் இல்லை. ஜப்பானிலும் மேற்கு ஜெர்மனியிலும் மக்களைக் கேட்டு ஆக்கிரமிப்பு நிகழவில்லை. ஜப்பானிய அரசியலமைப்பின் வரைவை 1946 பிப்ரவரியில் அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் தலைமையகம் ஏறத்தாழ ஒரே வாரத்தில் எழுதியது. ஏப்ரல் தேர்தலில் முதலிடம் பெற்ற கட்சியின் தலைவர் இச்சிரோ ஹத்தோயாமா பிரதமராகப் பொறுப்பேற்கவிருந்த நேரத்தில் பொதுவாழ்விலிருந்தே விலக்கப்பட்டார். ஆக்கிரமிப்பு 1952 வரை நீடித்தது. ஜெர்மனியில் நாடாளுமன்றத் தேர்தல் 1949 ஆகஸ்டில்தான் வந்தது. தங்கள் சொல்லை அளவுகோலாகக் கொண்டால் இவ்விரண்டும் எங்கே நிற்கும்?

இரண்டாவது, ஈராக்கில் தவணைப்படி நடந்தவையே கேட்டைக் கொண்டுவந்தன அல்லவா? நாட்டையே ஒரே தொகுதியாக வைத்து நடத்திய 2005 ஜனவரித் தேர்தலைச் சுன்னி அரபுகள் பெரும்பாலும் புறக்கணித்தார்கள். அன்பார் மாகாணத்தில் வாக்களித்தோர் 2 விழுக்காடு. அந்த அவைதான் அரசியலமைப்பை எழுதியது. காலவரம்பு முக்கியம் என்று சொல்லிக்கொண்டே போனால், காலவரம்புக்காக நாட்டைப் பலியிட்டதையும் நாம் பாராட்ட வேண்டிவரும்.

அன்புடன்,
வரைவுக் குழுவிலிருந்து

(3)

மதிப்புக்குரிய ஐயா,

ஜப்பானைப் பொறுத்தவரை, ஆக்கிரமிப்பு எவ்வளவு காலம் நீடித்தது என்பதையும், மக்கள் வாக்குக்காக எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பதையும் பிரித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். சரணாகதிப் பத்திரத்தில் 1945 செப்டம்பர் 2 அன்று கையொப்பமாயிற்று. பெண்கள் முதன்முறையாக வாக்களித்த பொதுத் தேர்தல் 1946 ஏப்ரல் 10 அன்று நடந்தது. தலைமையகம் எழுதிக் கொடுத்த வரைவும் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த அவையில் விவாதிக்கப்பட்டுத் திருத்தங்களோடுதான் நிறைவேறியது. ஹத்தோயாமாவுக்கு நேர்ந்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஜெர்மனியில் அமெரிக்கப் பகுதியின் சிற்றூர்களில் 1946 ஜனவரியிலேயே தேர்தல் நடந்துவிட்டது. அங்கிருந்து மாவட்டம், மாநிலம் என்று ஏறித்தான் 1949க்கு வந்தார்கள். அங்கே மக்கள் வாக்களித்துக்கொண்டே காத்திருந்தார்கள். நஜாஃபில் நிறுத்தப்பட்டது இந்த முதல் படிதான். இவ்விரு நாடுகளிலும் பழைய அரசு அலுவலர் அமைப்பு பெருமளவு தொடர்ந்து இயங்கியது என்பதையும் ஈராக்கின் முதல் இரண்டு ஆணைகளுக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம்.

இவற்றைத் தூய ஒப்படைப்புத் தவணை என்று நான் சொல்லமாட்டேன். சொல் ஒன்று இருந்தால் எந்த அளவுக்குப் பொருந்துகிறது, எங்கே வழுவுகிறது என்று பார்க்கலாம். 'பொறுமை' என்றால் எல்லாமே பொருந்திவிடும்.

தங்கள் இரண்டாம் ஐயம் கனமானது. அதற்கான விடை ஈராக்கின் இடைக்கால நிர்வாகச் சட்டத்திலேயே இருப்பதாகக் கருதுகிறேன். 2004 மார்ச்சில் கையொப்பமான அச்சட்டம், அரசியலமைப்பு வரைவுக்கு 2005 ஆகஸ்ட் 15 என்று நாள் குறித்தது. கூடவே, ஆகஸ்ட் 1க்குள் அவை கேட்டுக்கொண்டால் ஆறு மாதம் நீட்டிக்கலாம் என்றும் இடம் தந்தது. புறக்கணித்திருந்த சுன்னித் தரப்பினர் வரைவுக் குழுவில் கோடை நடுவில்தான் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு அந்த ஆறு மாதம் தேவைப்பட்டது. அமெரிக்கா குறித்த நாளிலேயே முடிக்கச் சொல்லி அழுத்தம் கொடுத்தது, நீட்டிப்பு கேட்கப்படவில்லை. அக்டோபர் 15 வாக்கெடுப்பில் நாடு தழுவிய அளவில் ஏறத்தாழ 78 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். அன்பாரும் சலாஹுத்தீனும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதிர்த்தன. நினிவேயில் பெரும்பான்மை எதிர்த்தும் அந்த அளவை எட்டவில்லை. மூன்று மாகாணங்கள் அந்த அளவில் எதிர்த்திருந்தால் வரைவு வீழ்ந்திருக்கும். வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று அவசரமாக ஒரு பிரிவு சேர்த்துச் சமாதானம் சொன்னார்கள். இன்றுவரை அந்த அரசியலமைப்பில் ஒரு திருத்தமும் நிறைவேறவில்லை.

ஆகவே 2003இல் காக்க வைத்ததும் 2005இல் விரட்டியதும் ஒரே கை. முதல் முறை மக்கள் கேட்ட தேர்தல் தள்ளிப்போயிற்று. இரண்டாம் முறை, சட்டமே அனுமதித்த, மக்களுக்கு உண்மையாகவே பயன்பட்டிருக்கக்கூடிய ஆறு மாதம் எடுக்கப்படாமல் வீணாயிற்று. காத்திருப்பது நியாயமா என்று என்னைக் கேட்டால், 2005 கோடையில் நிச்சயமாக நியாயம் என்பேன். 2003 கோடையில் இல்லை என்பேன். நீட்டிக்கும் உரிமை தேர்ந்தெடுக்கப்பட்ட அவையிடம் இருந்தும், அதை அவை தன் விருப்பப்படி பயன்படுத்த இயலாமல் போனது ஒப்படைப்புத் தவணையின் மீறலே. குறித்த நாளைக் கடைப்பிடித்தால் மட்டும் போதாது என்பதை வரையறையில் சேர்த்துவிடலாம்:

ஒப்படைப்புத் தவணை: படையெடுப்பால் ஆட்சி மாறிய நாட்டில், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசிடம் அதிகாரத்தை ஒப்படைக்கும் முன், அந்நாட்டு மக்களின் ஒப்புதலோடு, முடிவுநாள் குறித்து, இடைக்கால நிர்வாகத்துக்கு அளிக்கப்படும் காலம். அந்தக் காலத்தில் நிலையான சட்டமாற்றங்களை நிர்வாகம் செய்வதற்கில்லை. காலத்தை நீட்டிக்கவோ குறைக்கவோ உரியவர் அளித்தவரே.

வணக்கத்துடன்.

(4)

அன்புள்ள நண்பருக்கு,

வரையறையை ஏற்கிறேன். 'நிலையான சட்டமாற்றங்கள்' என்பதை 'அந்நாட்டு அடிப்படைச் சட்டங்களிலும் பொருளாதார அமைப்பிலும் மாற்றங்கள்' என்று விரித்து எழுதியிருக்கிறேன். தேர்தல் சட்டம் இயற்றுவதைக்கூடத் தடுப்பதாக எவரும் படித்துவிடக் கூடாது. 'மக்களாட்சிப் பொறுமை' என்ற என் சொல்லை நீக்கவில்லை. ஆக்கிரமித்தவர் தம் தாமதத்தைத் தாமே குறிக்கும் வழக்கு என்ற விளக்கத்தோடு தனிப் பதிவாக வைத்திருக்கிறேன். அந்தப் பொருளில் அது துல்லியமாகவே இருக்கிறது.

ஆப்கானிஸ்தானை எடுத்துக்காட்டாகச் சேர்ப்பது மட்டும் முடிவாகவில்லை. 2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் எட்டிய உடன்பாடு நாள் குறித்தது. லோயா ஜிர்கா எனும் பேரவை 2002 ஜூனில் கூடியது. அரசியலமைப்பு 2004 ஜனவரியிலும் அதிபர் தேர்தல் அக்டோபரிலும் வந்தன. நாள்கள் பெரும்பாலும் காக்கப்பட்டன. ஆனால் பானில் அமர்ந்து தவணை கொடுத்தவர்களை அந்நாட்டு மக்கள் அனுப்பவில்லை, தோற்ற தாலிபான்களுக்கு அங்கே இடமும் தரப்படவில்லை. ஒப்புதல் என்ற சொல்லுக்கு நாம் எவ்வளவு இறுக்கமான பொருள் கொள்வது என்று முடிவாகும் வரை அந்தப் பதிவை நிறுத்திவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
வரைவுக் குழுவிலிருந்து