டூன் கீன் கடற்கரையும் அதன் கேலிக் பெயர்களும்

அயர்லாந்தின் கெரி மாவட்டத்தில், டிங்கிள் தீபகற்பத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள டூன் கீன் என்ற ஊர்ப்பகுதியில் சில நாட்கள் தங்கியிருந்தேன். அயர்லாந்தின் சொந்த மொழியான கேலிக் (ஐரிஷ்) இன்றும் வழங்கும் பகுதி அது. அந்தக் கரையின் பெயர்களைக் கேட்டறிந்து நடப்பவருக்குத்தான் அதன் நில அமைப்பு விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆங்கில வரைபடத்தில் 'ஸ்லீ ஹெட்' என்றிருக்கும் முனையை ஊரார் 'கியான் ஷ்லேவ' என்கிறார்கள். மலையின் தலை என்று பொருள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் அந்த மலை மறைந்துவிட்டது. ஆனால் அங்கே போய் நின்றால், சரிவு நேராகக் கடலுக்குள் இறங்குவதும், அதன் விளிம்பை ஒட்டிச் சாலை வளைந்து செல்வதும் கண்ணெதிரே தெரிகின்றன. அயர்லாந்து பெருநிலத்தின் மேற்குக் கோடியான 'டூன் மோர்', அதாவது பெரிய கோட்டை, என்ற முனையில் பழங்கோட்டையின் மண்கரை இருக்கிறது. மேலே, அயர்லாந்தின் பழங்கால எழுத்துமுறையான ஓகத்தில் பொறித்த கல் ஒன்றும் நிற்கிறது. கல்லின் விளிம்பில் குறுக்கும் சாய்வுமாக வெட்டப்பட்ட கோடுகளே எழுத்துகள் என்பதால், சற்றுக் குனிந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டியிருந்தது.

படகுத்துறைக்கு இறங்கும் செங்குத்தான வளைவுப் பாதையில் சந்தித்த முதிய மீனவர், எதிரே தெரிந்த இனிஷ்டூஸ்கர்ட் தீவைக் காட்டி, "அது அன் ஃபியார் மாரவ், இறந்த மனிதன்" என்றார். மல்லாந்து படுத்தவரின் நெற்றி, மூக்கு, கைகோத்த வயிறு எல்லாம் அதன் பிறகுதான் எனக்குப் புலப்பட்டன. தீவின் வரைபடப் பெயர் வடக்குத் தீவு என்பதை மட்டுமே சொல்கிறது. இறந்த மனிதனோ கரையிலிருந்து பார்ப்பவர்கள் வைத்த பெயர்.

எதிரேயுள்ள பெரிய பிளாஸ்கெட் தீவில் கடைசியாக எஞ்சியிருந்த மக்கள் 1953 நவம்பரில் வெளியேற்றப்பட்டார்கள். தார் பூசிய துணி போர்த்த 'நேவோக்' படகில் நாள்தோறும் போய்வந்தவர்களுக்கு ஒவ்வொரு பாறையும் குடைவும் திசைகாட்டியாக இருந்ததால் அவற்றுக்குப் பெயர் தேவைப்பட்டது. அந்தப் படகுத் தொழில் சுருங்கியதும் அந்தச் சிறுபெயர்களைச் சொல்லும் வாய்ப்பும் சுருங்கியது. இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். 2005 முதல் கேலிக் பகுதிகளின் சாலைப் பலகைகளில் கேலிக் பெயர் மட்டுமே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் பலகை ஊருக்குத்தான் உண்டு, பாறைக்கு இல்லை. அங்கே போகிறவர்கள் 'லோகனிம்' என்ற இடப்பெயர்த் தரவுத்தளத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, மீதியைப் படகுத்துறையில் இருப்பவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.