மறு: ‘ஃபீபேட்’ – ஈடுகட்டணம் எனலாமா?

வணக்கம் அண்ணே,

அதிக மாசு விடும் காருக்குக் கட்டணம் (fee), குறைவாக விடும் காருக்குத் தள்ளுபடி (rebate), இரண்டையும் ஒன்றாக இணைக்கும் திட்டம்தான் ‘ஃபீபேட்’. அதற்குத் தமிழில் ‘ஈடுகட்டணம்’ என்று நான் சொன்னதற்கு நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது.

> ‘கட்டணச் சலுகை’ போதாதா? எல்லாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். சிங்கப்பூரில் கட்டணச் சலுகை என்றால் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் மாணவருக்கும் மூத்தோருக்கும் கிடைப்பது. ‘கழிவு’ இன்னும் சிக்கல், கார் சம்பந்தப்பட்ட வாக்கியத்தில் அது தள்ளுபடியா, குழாய் வழியே வரும் புகையா என்று வாசிப்பவர் தடுமாறுவார்.

காரின் மாசு அளவை வைத்துத் தள்ளுபடியோ கட்டணமோ விதிக்கும் சிங்கப்பூரின் விஇஎஸ் (VES) திட்டத்தையே பாருங்கள். 2018 ஜனவரியில் வந்தபோது மிகக் குறைவாக மாசு வெளியிடும் காருக்கு 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தள்ளுபடி, மிக மோசமான காருக்கு 20,000 வெள்ளி கூடுதல் கட்டணம், நடுவில் ‘பி’ பிரிவுக்கு இரண்டும் இல்லை. அதற்கு முன் 2013 முதல் இருந்த திட்டம் கரியமில வாயுவை மட்டும்தான் அளந்தது. விஇஎஸ்ஸில் ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, நுண்துகள் என்று நான்கும் சேர்ந்துகொண்டன, ஐந்தில் எது மோசமோ அதை வைத்துத்தான் கார் எந்தப் பிரிவு என்று முடிவாகும். தள்ளுபடியும் கட்டணமும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். தமிழில் இவற்றைத் தனித்தனியாக எழுதுவதால், ஒன்று அரசு தரும் பரிசு, மற்றது தண்டனை என்றுதான் மனத்தில் பதிகிறது. இதுதான் என் முக்கியமான கவலை.

நியூசிலாந்தில் இதே வகைத் திட்டம் என்ன ஆனது? 2021 ஜூலையில் தள்ளுபடி, 2022 ஏப்ரலில் கட்டணம். எதிர்த்தவர்கள் கட்டணப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, விவசாயிகள் ஓட்டும் ‘யூட்’ (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள) வண்டிக்கு வரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆட்சி மாறியதும் 2023 டிசம்பர் கடைசியோடு திட்டம் முடிந்தது. பெயர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பாதியை மறைக்கும் சொல் ஒரு கொள்கைக்கு நல்லதல்ல.

அதனால்தான் ‘ஈடுகட்டணம்’. ஈடுகட்டு, கட்டணம் இரண்டும் ‘கட்டு’ என்ற இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன, மூலச் சொல்லும் அப்படித்தானே இரண்டை ஒட்டிச் செய்தது! அதிகப் புகை விடும் காரின் கட்டணம் குறைவாக விடும் காரின் தள்ளுபடியை ஈடுகட்டுகிறது என்ற பொருளும் கிடைத்துவிடுகிறது.

> பிரான்சில் ஈடுகட்டவில்லையே?

சரிதான். 2008இல் அங்கே இத்தகைய திட்டம் தொடங்கியபோது எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் சிறிய கார்களுக்கு மாறியதால் தள்ளுபடிச் செலவு வசூலைத் தாண்டியது. தள்ளுபடி முடிந்து கட்டணம் தொடங்கும் மாசு வரம்பை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. மக்கள் மாற மாற வரம்பையும் இறக்கிக்கொண்டே வர வேண்டும். கணக்கு இடித்தாலும் நோக்கம் ஈடுகட்டல்தான், சொல் நிற்கும்.

அப்புறம், ‘கரிம ஈடு’ என்று ஏற்கெனவே புழங்குவதோடு குழம்பும் என்று அக்கா எழுதியிருந்தார். நியாயமான தயக்கம். அது மரம் நட்டுப் புகைக்கு ஈடு செய்வது. இதில் ‘கட்டணம்’ வெளிப்படையாக நிற்பதால் பிரித்தறியலாம் என்றே நினைக்கிறேன். அந்த வரம்புக்கு, அதாவது ‘பி’ பிரிவு நிற்கும் இடத்துக்கு, ‘சமன்புள்ளி’ சரிவருமா என்றும் சொல்லுங்கள்.