காப்பி பாதியில் டிஸ்க் மறைகிறது: கேபிளா, டிஸ்க்கா?

கேள்வி: 4 டிபி சாட்டா டிஸ்க், 3.5 அங்குலம். பெரிய ஃபைல்களைக் காப்பி செய்தால் பாதியில் டிரைவே மறைந்துவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் சி7 என்ற எண் ஏறிக்கொண்டே போகிறது. 05 (மாற்றப்பட்ட பழுதுப் பகுதிகள்), சி5 (சந்தேகத்துக்குரிய பகுதிகள்) இரண்டும் பூஜ்யம். டிஸ்க் போய்விட்டதா?

பதில் 1: பெரும்பாலும் இல்லை. சி7 என்பது சிஆர்சி (டேட்டா சரியாக வந்ததா என்ற சோதனை) பிழைக் கணக்கு. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே டேட்டா சிதைகிறது. டிஸ்க்கின் உள்ளே டேட்டா பதியும் தட்டில் கோளாறு என்றால் 05, சி5தான் ஏறும். முக்கியமான ஃபைல்களை முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். பிறகு பவரை அணைத்து, டேட்டா கேபிளை மட்டும் மாற்றுங்கள்: கிளிப் வைத்தது, 1 மீட்டருக்கு மேல் கூடாது. அதன்பிறகும் ஏறினால் போர்ட்டை மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் காரணம் பிடிபடாது. பழைய எண் குறையாது, மேலே ஏறாமல் நின்றால் போதும்.

பதில் 2: பவர் கேபிளையும் பாருங்கள். இந்த அளவு டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரே கேபிளில் பல டிஸ்க் தொங்கினால் பிரியுங்கள். மோலெக்ஸிலிருந்து (பழைய நான்கு முனை பவர் கனெக்டர்) சாட்டாவுக்கு மாற்றும், பிளாஸ்டிக்கை ஒயர்மேல் வார்த்துச் செய்த கனெக்டர் இருந்தால் உடனே கழற்றுங்கள், அது உருகித் தீப்பிடிக்கக்கூடியது.

பதில் 3: போர்ட் மாற்றுமுன் மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள். பல போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சிறிய டிரைவ்) செருகியிருந்தால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது.